தைரியராஜ் போட்ட டபுள் டூட்டி

தைரியராஜ் ஓட்டுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே காபி குடிக்கலாம், ஒரு சொட்டுச் சிந்தாது என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சொல்லுவார்கள். சொன்னவர்களில் ஒருவரும் குடித்துப் பார்த்ததில்லை. ஆனாலும் அது பொய்யில்லை. சத்திரத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் இருபத்து மூன்று வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிற மனுஷன் அவர். பிரேக்கை ஓங்கி மிதிப்பது அவருக்குக் கெட்ட வார்த்தை பேசுவது மாதிரி. காவிரிப் பாலத்தில் முன்னால் போகிற ஸ்கூட்டர்காரன் திரும்பப்போகிறான் என்பது, அந்த ஸ்கூட்டர்காரனுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே இவருக்குத் தெரிந்துவிடும். சிக்னலில் நின்றால் எஞ்சினை அணைத்துவிடுவார். ஸ்டாப்பில்தான் நிறுத்துவார். ஸ்டாப்புக்கு இந்தப் பக்கம் பத்தடி, அந்தப் பக்கம் பத்தடி என்று யார் கையைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பமாட்டார். டீசல் மிச்சம் பிடித்ததற்காக டெப்போவில் இரண்டு தடவை சான்றிதழ் கொடுத்தார்கள். இரண்டும் பாலக்கரை வீட்டில் திருஇருதயப் படத்துக்குக் கீழே தொங்குகின்றன.

அவரிடம் இருக்கிற சான்றிதழ் அந்த இரண்டுதான். படிப்பு ஏழாவதோடு சரி. மருங்காபுரிப் பக்கம் பிறந்தவர். பதிமூன்று வயதில் காந்தி மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றிவந்த லாரியில் தொற்றிக்கொண்டு வந்தவர், பிறகு திரும்பிப் போகவில்லை. கிளீனர் ஆனார், டிரைவர் ஆனார், போக்குவரத்துக் கழகத்தில் சேர்ந்தார். ஏன் படிக்கவில்லை என்று கேட்டால் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"உட்கார முடியல. உட்கார்ந்தவன்லாம் ஆபீசர் ஆயிட்டான்."

பள்ளிக்கூடத்தில் உட்கார மாட்டேன் என்று ஓடிவந்தவரை ஆண்டவர் டிரைவர் சீட்டில் உட்காரவைத்துவிட்டார் என்பது அவர் மனைவி பிரான்சியின் விளக்கம். எப்படியிருந்தாலும், படிப்பு என்றால் உட்காருவது என்பது அவர் மனதில் கல்லில் வெட்டினாற்போல் பதிந்திருந்தது.

அவருக்கு ஒரே பெண், பெலிண்டா. காலேஜில் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் வருஷம். அவர் வம்சத்தில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். தைரியராஜ் வீட்டில் அதிகம் பேசமாட்டார். பேசினாலும் டெப்போ பாஷைதான். சாப்பாடு தாமதமானால், "வண்டி பிரேக்டவுனா?" என்பார். அவரைச் சிரிக்கவைக்கிறதும், அவரிடம் எதிர்த்துப் பேசுகிறதும், அவர் டூட்டி முடிந்து வந்தால் தாழ்ப்பாள் சத்தத்தை வைத்தே "இன்னிக்கு யார்கூடச் சண்டைப்பா?" என்று உள்ளிருந்து கேட்கிறதும் பெலிண்டா ஒருத்திதான்.

அப்படிப்பட்ட பெண் முதல் இன்டர்னல் பரீட்சையில் ஒரு பேப்பரில் முப்பதுக்கு ஒன்பது வாங்கினாள். பெற்றோரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

தைரியராஜ் சவரம் செய்து, மாதா கோயிலுக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். அனுசுயா மேடம் என்ற பேராசிரியை தன்மையாகத்தான் பேசினார்.

"உங்க பொண்ணு மக்கு இல்ல சார். நேரம்தான் போதல. நாங்க எல்லாருக்கும் சொல்றதுதான். கிளாஸ்ல ஒரு மணி நேரம்னா, வீட்டுல ரெண்டு மணி நேரம் படிக்கணும். டபுள்."

டபுள் என்ற சொல் காதில் விழுந்ததும் தைரியராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் காலேஜ் வாத்தியார் சொல்லி அவருக்கு முழுசாகப் புரிந்த முதல் சொல் அது.

"ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் கிளாஸு. அப்ப பத்து மணி நேரம்ங்களா மேடம்?"

மேடம் அடுத்த பெற்றோரைக் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டே சிரித்தார். "அவ்வளவு முடிஞ்சா நல்லதுதான் சார்." பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போல, "வீட்ல சரிப்படலன்னா ஹாஸ்டல்ல ஒரு சீட் காலியா இருக்கு. அங்க மணி அடிச்சு உட்காரவைப்பாங்க. ரெண்டாவது இன்டர்னல் பாத்துட்டு முடிவு பண்ணுங்க," என்றார்.

அங்கேயே முடிவு பண்ணிவிட்டார் தைரியராஜ். வார்டன் சிஸ்டரைப் பார்த்துப் பேசினார். இரண்டாவது இன்டர்னல் மார்க் வருகிற வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை வரை அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று சிஸ்டர் சம்மதித்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"பாதி மார்க்கு. பதினஞ்சு. வந்துச்சுன்னா வீட்டுல இரு. வரலைன்னா ஹாஸ்டல்."

"காலேஜ் இங்கேருந்து ரெண்டு கிலோமீட்டர்," என்றாள் பிரான்சி. "அதுக்கு ஹாஸ்டலா? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

பெலிண்டா எதுவும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்தால் அழுகிறாள் என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும். தெரிந்ததனால் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் சுவரில் ஒரு சார்ட் ஏறியது. டெப்போவில் டூட்டி சார்ட் போடுகிற மாதிரியே கட்டம் போட்டு, சிவப்பு ஸ்கெட்ச்சில் எழுதியிருந்தார். போக்குவரத்துக் கழகத்தில் டபுள் டூட்டி என்றால், ஒரு நாள் விடிகாலையிலிருந்து இரவு வரை இரண்டு டூட்டியையும் சேர்த்துப் பார்ப்பது. மறுநாள் முழுக்க ஆஃப். தைரியராஜ் அதை அப்படியே தூக்கி பெலிண்டாவுக்கு வைத்துவிட்டார். டூட்டி நாளில் விடிகாலை நாலிலிருந்து ஏழு, காலேஜ் விட்டு வந்து மூன்றிலிருந்து பத்து. கூட்டினால் பத்து மணி நேரம். மறுநாள் ஆஃப். காலேஜுக்குப் போய் வரலாம். வந்ததும் பையைக் கட்டி பீரோ மேலே போட்டுவிட வேண்டும்.

"ஆஃப் நாள்ல படிக்கவே கூடாதாப்பா?" என்று பெலிண்டா நம்ப முடியாமல் கேட்டாள்.

"கூடாது. ஆஃப்ல இருக்கிறவன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. எங்க செட்டுல ஒருத்தன் ஆஃப்லயும் வண்டி எடுத்தான். கொள்ளிடம் பாலத்துல கண்ணைத் திறந்துகிட்டே தூங்கி, பால் வேன்ல போய் விட்டான். மனுஷன் பொழைச்சதே பெரும்பாடு. மூளையும் எஞ்சின்தான். சூடாயிரும்."

"மேடம் ஒரு நாளைக்கு டபுள்னு சொன்னாங்க. ஒருநாள் விட்டு ஒருநாள்னு சொல்லல."

"டபுள்னா என்னன்னு எனக்கு நீ சொல்லித் தரியா? முப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன்."

சார்ட்டில் இன்னொரு சூட்சுமமும் இருந்தது. அவருக்கு ஆஃப் வருகிற நாள்தான் அவளுக்கு டூட்டி. மேற்பார்வை பார்க்க ஆள் வேண்டுமே. டெப்போவில் கழித்துப்போட்ட பழைய டிரிப் ஷீட் கட்டு ஒன்றையும் கொண்டுவந்தார். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், எங்கிருந்து, எங்கே என்று அச்சடித்த கட்டங்கள். ஊர்ப் பெயர் எழுதுகிற கட்டத்தில் பெலிண்டா பாடம் எழுத வேண்டும். பக்கம் நாற்பத்தொன்றிலிருந்து பக்கம் ஐம்பத்தெட்டு. புறப்பாடு மாலை மூன்று, சேர்ந்தது ஆறு பத்து. கீழே கையெழுத்து.

"நடுவுல எத்தனை பேர் ஏறுனாங்கன்னும் எழுதணுமா?" என்றாள் பெலிண்டா.

"வாய் மட்டும் நல்லாப் படிச்சிருக்கு," என்றார் அவர்.

அப்படி நாலு வாரம் ஓடியது. டூட்டி நாளில் பெலிண்டா மேஜையில் உட்கார்ந்திருப்பாள். தைரியராஜ் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிற சாக்கில் உட்கார்ந்திருப்பார். டி.வி. கிடையாது. மிக்சி கிடையாது, பிரான்சி சட்னியை அம்மியில் அரைத்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் எழுந்து போய், "என்னம்மா அதுக்கு வேணும்?" என்று மிரட்டிவிட்டு வருவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எதையாவது கொண்டுவந்து வைப்பார். நுங்கு சீவி வைப்பார், சுண்டல் வைப்பார். ஒருநாள் தெப்பக்குளம் வரை நடந்துபோய் அல்வா வாங்கிவந்தார். வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நாற்காலிக்குப் போய்விடுவார். அவள் தலையைத் தூக்கினால் மட்டும், "என்ன, டைம் ஆயிருச்சா?" என்பார். அவள் மறுபடி குனிந்துகொள்வாள். பெண் இப்படிக் குனிந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு குளிர்ந்தது. தான் உட்காராததையெல்லாம் சேர்த்து இவள் உட்கார்ந்துவிடுவாள் என்று தோன்றியது.

இரண்டாவது இன்டர்னலுக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு வியாழக்கிழமை, அவருக்கு டூட்டி, பெலிண்டாவுக்கு ஆஃப். சாயங்காலம் ஐந்தரை இருக்கும். ஸ்ரீரங்கம் போகிற வண்டி, நிற்க இடமில்லாத கூட்டம். மாம்பழச்சாலை தாண்டி அம்மாமண்டபம் ரோட்டில் திரும்பினார். இடது பக்கம் ஷட்டர் இறக்கிய ஒரு கடை. அதன் படியில் இரண்டு பெண்கள். ஒருத்தி யமுனா, பெலிண்டாவோடு படிக்கிறவள், அந்தக் கடைக்கு மேல்மாடியில்தான் வீடு. இன்னொருத்தி கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். யமுனா "தப்பு, தப்பு!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கத்துகிறவளும் சிரித்தாள். மடியில் புத்தகம். ஷட்டர் முழுக்கக் கோலமாவுக் கட்டியால் என்னென்னவோ கிறுக்கியிருந்தது.

தைரியராஜ் பிரேக்கை மிதித்தார்.

ஸ்டாப் இன்னும் நூறு அடி இருந்தது. நின்றிருந்தவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். கண்டக்டர் பிச்சமுத்து டிக்கெட் பையோடு முன்னால் வந்து விழுந்தார்.

"அண்ணே! என்னண்ணே, மாடா?"

தைரியராஜ் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்து குதித்தார். பெலிண்டா எழுந்து நின்றுவிட்டாள்.

"இன்னிக்கு உனக்கு என்ன நாளு?"

"ஆஃப்ப்பா."

"அப்புறம் இது என்ன கையில?"

"புக்கு."

"ஆஃப்ல டூட்டி பாக்குறியா? வீட்டுல பை எங்க இருக்கணும்னு சொன்னேன்?"

பஸ்ஸின் ஜன்னலெல்லாம் தலையாக முளைத்தது. நடந்தது என்ன என்று முதலில் கண்டுபிடித்தவள் முன் சீட்டில் கூடையோடு இருந்த பூக்காரம்மா.

"இந்தக் கூத்தைப் பாருங்க. படிக்கலைன்னு அடிக்கிற அப்பனைப் பாத்திருக்கேன். ஏன் படிக்கிறேன்னு வண்டியை நிறுத்திட்டு அடிக்க வர்ற அப்பனை இன்னிக்குத்தான் பாக்குறேன்!"

"நான் அடிக்க வரல," என்று தைரியராஜ் பஸ்ஸைப் பார்த்துச் சொன்னார். "பத்து மணி நேரம் படிச்சா ஒருநாள் ஓய்வு வேணும். அதுதான் கணக்கு."

"பத்து மணி நேரமா?" என்று நடுவிலிருந்து ஒரு பையன் அலறினான். "செமஸ்டருக்கே அவ்வளவுதான் சார் படிப்போம்!"

"அதான் உன் மூஞ்சில தெரியுதே," என்றாள் பூக்காரம்மா.

வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் குடையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். "டிரைவர் சார், படிப்புக்கு ஓய்வு கெடையாது. எங்க காலத்துல பதினாறு மணி நேரம் படிச்சோம்."

"படிச்சு என்ன ஆனீங்க?" என்றார் தைரியராஜ்.

"கிளார்க்கா ரிட்டையர் ஆனேன்."

பஸ் முழுக்கச் சிரித்தது. பின்னால் இரண்டு கார், ஒரு பள்ளிக்கூட வேன், ஒரு மணல் லாரி எல்லாம் ஹாரனைப் பிடித்துக்கொண்டு நின்றன. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், "அய்யா, புள்ளைய எவ்வளவு நேரம்னாலும் படிக்க விடுங்க. எங்களைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்து சண்டை போடுங்க," என்றாள்.

யமுனா படியிலிருந்து இறங்கி வந்தாள். "அங்கிள், நாங்க வம்பு பேசலை. படிச்சிண்டுதான் இருந்தோம். மாடில தம்பிக்கு ஆன்லைன் டியூஷன், சத்தம் போட்டா அம்மா கோச்சுப்பா. அதான் இங்க..."

"படிச்சீங்களா? சத்தம் போட்டுச் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. என் கண்ணால பாத்தேன். படிக்கிறதுன்னா உட்கார்ந்து படிக்கணும். ஓய்வுன்னா ஓயணும். இது ரெண்டும் இல்ல."

பெலிண்டா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். கன்னம் முழுக்கக் கோலமாவு. "வண்டியில ஏறுங்கப்பா. எல்லாரும் பாக்கிறாங்க," என்று மட்டும் சொன்னாள்.

ஏறினார். ராஜகோபுரம் ஸ்டாப் வரை பிச்சமுத்து விசில்கூட மெதுவாகத்தான் ஊதினார். அங்கே கூட்டம் இறங்கிய பிறகு பக்கத்தில் வந்து நின்றார்.

"இருபத்து மூணு வருஷத்துல முதல் தடவைண்ணே. ஸ்டாப் இல்லாத இடம்."

"வாயை மூடு."

"மூடிட்டேன். ஒண்ணே ஒண்ணு. அந்தப் பாப்பா கத்திக்கிட்டு இருந்துச்சே, அது கணக்குதாண்ணே. எனக்கே கொஞ்சம் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

அன்றிலிருந்து ஆஃப் ரத்து. பரீட்சை வரை தினமும் டூட்டி என்று சார்ட்டில் சிவப்பு மையால் அடித்து எழுதினார் தைரியராஜ். யமுனா வீட்டுப் பக்கம் போகக்கூடாது. பெலிண்டா வாதாடவில்லை. உட்கார்ந்தாள். ஷீட்டில் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் உள்ளிருந்து குரல் வருவது நின்றுபோனது. வீடு டூட்டி முடிந்த பஸ் மாதிரி இருந்தது.

இரண்டாவது இன்டர்னல் முடிந்து, அடுத்த வெள்ளிக்கிழமை மார்க் வந்தது. முப்பதுக்குப் பதினாலு.

பதினாலு. ஒன்பதுக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் பதினைந்து இல்லை. தைரியராஜ் விடைத்தாளைக் கையில் வாங்கி, அதிலிருந்த சிவப்பு எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளியும், அதற்குள் ஒரு மக்கும், பெட்டிக்கு ஒரு பூட்டும் இருந்தன. ஹாஸ்டல்காரர்கள் கொடுத்த பட்டியலில் முதல் மூன்று சாமான்கள்.

"ஒரு மார்க்குங்க!" என்றாள் பிரான்சி. "ஒரே ஒரு மார்க்கு. அதுக்காகப் புள்ளைய அனுப்பிருவீங்களா?"

"சொன்னா சொன்னதுதான். நேரத்துக்கு எடுக்கிறேன்னு சொல்லிட்டு ஒரு நிமிஷம் கழிச்சு எடுத்தாலும் அது லேட்டுதான்."

பிரான்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பெலிண்டா ஸ்கெட்ச் பேனாவை எடுத்து வாளியின் மேல் தன் பெயரை எழுதினாள். எழுத்துக் கோணாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள், சின்ன வயதில் செய்த மாதிரியே. தைரியராஜ் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மத்தியானம் பெட்டி கட்டினார்கள். மேஜையைக் காலி பண்ணும்போது டிரிப் ஷீட் கட்டும் விடைத்தாளும் ஒன்றாக வந்தன. ஷீட் கட்டைத் தைரியராஜ் கையில் எடுத்தார். இங்கிலீஷும் கணக்கும் அவருக்குத் தெரியாது. ஆனால் டிரிப் ஷீட் வாசிப்பதில் அவரை மிஞ்ச டெப்போவில் ஆள் கிடையாது. ஷீட்டைப் பார்த்தே எந்த வண்டி எங்கே தாமதித்தது, எந்த டிரைவர் டீக்கடையில் எத்தனை நிமிஷம் நின்றான் என்று சொல்லிவிடுவார்.

"இதுல முதல் கணக்கு சரியா?" என்று விடைத்தாளைக் காட்டினார்.

"சரி. ஆறுக்கு ஆறு."

"எந்தப் பக்கம் அது? புக்குல."

"எழுபத்திரண்டுலேருந்து எண்பது வரைக்கும்."

ஷீட்டுகளை விரலில் எச்சில் தொட்டுத் தள்ளினார். முதலிலிருந்து கடைசி வரை தள்ளினார். மறுபடி தள்ளினார். "எழுபத்திரண்டு வரவே இல்லையே. ரெண்டாவது கணக்கு?"

"தப்பு. சைபர். நாப்பத்தொண்ணுலேருந்து ஐம்பத்தெட்டு."

"இந்தா இருக்கு. மூணு ட்ரிப். பதினோரு மணி நேரம்." குரல் கொஞ்சம் இறங்கியது. "பதினோரு மணி நேரத்துக்கு சைபரா? மூணாவது?"

"அதுவும் தப்பு."

"ஒம்பது மணி நேரம். நாலாவது?"

"சரி. ஆறுக்கு ஆறு."

தேடினார். நாலாவது கணக்கின் பக்கமும் ஷீட்டில் இல்லை. ஐந்தாவது பதின்மூன்று மணி நேரம், மார்க் இரண்டு. தைரியராஜ் ஷீட்டுகளைத் தரையில் வரிசையாகப் பரப்பினார். விடைத்தாளை நடுவில் வைத்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஷீட்டில் இருக்கிற ஊருக்கெல்லாம் வண்டி போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்த இரண்டு ஊரும் ஷீட்டிலேயே இல்லை.

"இது ரெண்டும் எப்பப் படிச்சே?"

பெலிண்டா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆஃப்ல. அந்த ஷட்டர் முன்னால. யமுனாகூட. ஒரு ஒண்ணரை மணி நேரம், ரெண்டு மணி நேரம். நான் அவளுக்குச் சொல்லுவேன், அவ தப்பு கண்டுபிடிப்பா. அப்புறம் அவ சொல்லுவா."

"இங்க உட்கார்ந்தப்ப?"

"முதல் ரெண்டு மணி நேரம் படிப்பேன்ப்பா. பாதி ஏறும். அதுக்கப்புறம் ஒண்ணும் உள்ள போகாது. எழுத்து எழுத்தாத் தெரியும், அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் பத்து மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தே?"

"நீங்க எதிர்ல உட்கார்ந்திருந்தீங்களே." அவள் ஒரு ஷீட்டின் ஓரத்தை நேராக்கினாள். "நுங்கு சீவி வச்சீங்க. எழுந்து போனா உங்க மூஞ்சி வாடிரும்னு உட்கார்ந்திருந்தேன்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. தைரியராஜ் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். ஒழுங்காகத் தட்டி அடுக்கினார். பிறகு பேசினார்; பெலிண்டாவிடம் பேசினாரா, தனக்குள் பேசினாரா தெரியவில்லை.

"வண்டி நகரவே இல்ல. எஞ்சின் மட்டும் ஓடியிருக்கு. சிக்னல்ல ரெண்டு நிமிஷம் அணைக்காம நின்னா எனக்கு வயிறு எரியும். உன் வண்டியை அஞ்சு வாரமா நானே நிக்கவச்சு எரிச்சிருக்கேன்."

"எல்லாமே உங்க தப்பு இல்லப்பா, நானும் படிக்காம இருந்திருக்கேன். முதல் தடவை ஒம்பது வந்தது என் தப்புதான். அப்ப நான் யமுனாகூடவும் படிக்கல, தனியாவும் படிக்கல."

"அது தெரியும் எனக்கு," என்றார் அவர். "அதையும் விடப்போறதில்ல."

எழுந்து போய்ச் சுவரிலிருந்த சார்ட்டைக் கிழிக்காமல், நாலு மூலையிலும் ஆணியைப் பிடுங்கிக் கழற்றினார். கழற்றிச் சுருட்டி, என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நாளைக்கு ஹாஸ்டல்?" என்று அடுப்படியிலிருந்து பிரான்சி கேட்டாள்.

"வாளியை எடுத்து பாத்ரூம்ல வை. பழைய வாளி ஒழுகுது."

திங்கட்கிழமை காலை, இரண்டு டிரிப்புக்கு நடுவில் கிடைத்த இடைவேளையில் ஹாஸ்டலுக்குப் போய் வார்டன் சிஸ்டரிடம் சீட் வேண்டாம் என்று சொன்னார். சிஸ்டருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"வீட்ல ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிப்பா?"

"அது தெரியாது சிஸ்டர்."

"தெரியாதா? டைம் டேபிள் இருக்குமே?"

"இருந்துச்சு. அதைப் போட்டவனுக்குப் படிப்பு தெரியாது," என்றார் தைரியராஜ். "என்ன படிச்சேன்னு மட்டும் இனிமே தினம் கேப்பேன். எவ்வளவு நேரம்னு கேக்கமாட்டேன்." சிஸ்டர் சிரித்துக்கொண்டே நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை யமுனா ஊரில் இல்லை. அத்தை வீட்டுக் கல்யாணம் என்று கும்பகோணம் போயிருந்தாள். தைரியராஜுக்கு ஆஃப். தூங்கி எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தவரைப் பெலிண்டா பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஒரு கால் மணி நேரம். நான் சொல்லுவேன், நீங்க கேக்கணும்."

"எனக்கு என்ன புரியும்?"

"புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க. அதுக்குத்தான் ஆள் வேணும்."

"அது நல்லாச் சொல்லுவேன்."

பெலிண்டா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நோட்டில் ஒரு கோடு போட்டாள். "ஸ்ரீரங்கத்துல வண்டியை எடுக்கிறீங்க. சத்திரம் ஆறு கிலோமீட்டர். முதல் தடவை பாதி தூரம் போயி நிறுத்துறீங்க. அடுத்தது, மிச்சம் இருக்கிறதுல பாதி. மறுபடி நிறுத்துறீங்க. அப்புறம் அந்த மிச்சத்துல பாதி."

"அங்க ஸ்டாப் இருக்கா?"

"இருக்குன்னு வச்சுக்கங்கப்பா."

"இந்த மாதிரி போனா சத்திரம் எப்பப் போய்ச் சேரும்?"

"சேரவே சேராது."

"பாசஞ்சர் இறங்கி வந்து அடிப்பான்."

"கேளுங்க. சேராது. ஆனா எவ்வளவு கிட்ட வேணும்னாலும் போயிரலாம்."

தைரியராஜ் டீயை ஒரு வாய் குடித்தார். "எவ்வளவு கிட்டன்னா? அதை யாரு சொல்றது?"

பெலிண்டாவின் பேனா நின்றது.

"என்ன, தப்பாக் கேட்டுட்டேனா?"

"இல்லப்பா. ரெண்டு வாரமா காலேஜ்ல நானும் யமுனாவும் முட்டிக்கிட்டு நிக்கிற இடம் இதுதான்." அவள் முட்டி போட்டு எழுந்து அவர் நாற்காலிக்கு அருகே நகர்ந்தாள். "நான் சொல்லக்கூடாது. எதிர்ல இருக்கிற ஆள்தான் சொல்லணும். நீங்கதான் சொல்லணும்! எவ்வளவு கிட்ட வேணும்னு நீங்க கேளுங்க. எத்தனாவது தடவையில அதுக்குள்ள வரும்னு நான் சொல்றேன். எவ்வளவு சின்னதாக் கேட்டாலும் நான் சொல்லியாகணும்."

"சரி. ஒரு முழம்."

அவள் பின்பக்க அட்டையில் மளமளவென்று பாதி பாதியாக வகுத்தாள். "பதினாலாவது தடவை."

"ஒரு சாண்?"

"பதினஞ்சு."

"விரக்கடை?"

"இருங்க... பத்தொம்பது."

தைரியராஜ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். பக்கத்தில் பிரான்சி முறத்தில் ரேஷன் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து ஒரு நெல்லைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"இது?"

பெலிண்டா நெல்லை ஸ்கேலில் வைத்து அளந்தாள், எழுதினாள். "இருபது."

"எது கேட்டாலும் சொல்லிருவியா?"

"கேட்டுப் பாருங்க."

தைரியராஜ் எழுந்தார். நெல்லைவிடச் சின்னதாக வீட்டில் என்ன இருக்கிறது என்று சுற்றுமுற்றும் தேட ஆரம்பித்தார்.

"கடுகு மூணாவது டப்பாவுல இருக்கு," என்றாள் பிரான்சி, முறத்திலிருந்து தலையைத் தூக்காமல்.